சீட்டில் 19, ஆதாரில் 16: ஒரு செவிலியரின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு நகரம். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் 27 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

ஒரு நாள் சாயங்கால ஓ.பி.யில், வயிற்றுவலி என்று ஒரு பெண்ணை அவள் அம்மாவும், மாமா என்று சொல்லிக்கொண்ட ஒருவரும் கூட்டி வந்திருக்கிறார்கள். ஓ.பி. சீட்டில் வயது 19. ஸ்கேனுக்காக வாங்கிய ஆதார் நகலில் பிறந்த தேதியைக் கணக்குப் பார்த்தால் 16 முடிந்து சில மாதங்கள்தான். ஸ்கேனில் 18 வாரக் கர்ப்பம். “ஆவணியில கோயில்ல வச்சுத் தாலி கட்டியாச்சு, முறை மாப்பிள்ளைதான்” என்று சொன்னாராம், பீடி சுற்றிப் பிழைக்கும் அந்த அம்மா. அப்படியானால் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் மாமாதான் பதில் சொல்லியிருக்கிறார். எடை பார்க்கத் தனியாக அழைத்துப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எக்கா, எங்கம்மைட்ட ஒண்ணுங் கேக்காதீய” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

இவர் ஆதாரைக் காட்டியதும் டியூட்டி டாக்டர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் சொன்னது: “ஏ.ஆர். (போலீஸுக்குத் தெரிவிக்கும் விபத்துப் பதிவேடு) போட்டா ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையணும். நமக்கு எதுக்கு இந்த வம்பு? 19-ன்னே இருக்கட்டும், ஹைகிரவுண்டுக்கு ரெஃபர் எழுதி அனுப்பிருங்க.” கேஸ் ஷீட்டில் 19 என்று எழுதியது நம் வாசகியின் கை. 11 நாளாகிவிட்டது. அவர்கள் ஹைகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, போனார்களா என்றே தெரியாது.

இந்த மனவுளைச்சலில் இருக்கும்போதே வார்டில் இன்னொன்று. இடுப்பெலும்பு முறிந்து வந்த 76 வயது ஆச்சி. முதுகில் ஆழமான படுக்கைப்புண், மணிக்கட்டில் கயிறு அழுத்திய தடம். ஊசி போட்டு அரைமயக்கத்தில் கிடந்தவரின் பெருவிரலில் மை தடவி, மகன் ஏதோ தாளில் ரேகை வாங்கியிருக்கிறார். “சிஸ்டர், நீங்களும் சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று இவரிடமே கேட்டிருக்கிறார். இவர் நழுவிவிட்டார். பிறகு ஆச்சியிடம் விசாரித்தால், “எம்மவன ஒண்ணுஞ் சொல்லாத தாயி, அவன் நல்லவன்” என்கிறாராம்.

“நோயாளியின் ரகசியம் காப்பேன் என்று விளக்கேற்றி உறுதி எடுத்தவள் நான். கல்யாணம் முடிந்த விஷயத்தில் தலையிடலாமா? டாக்டர் சொல்லாததை நர்ஸ் சொல்ல முடியுமா? சொன்னால் வேலை போகும், என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. சொல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே, அந்தப் பிள்ளை விஷயத்தில் உடனே செய்ய வேண்டியதைத் தனியாக உங்களுக்கு எழுதிவிட்டேன். அது அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடியதல்ல. இங்கே எழுதுவது, நெல்லை, தென்காசி வட்டாரத்தில் இதே மாதிரி நைட் டியூட்டியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் சேர்த்து.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிள்ளை விஷயத்தில் நீங்கள் யாருடைய அனுமதியும் கேட்க வேண்டாம். சொல்லியே ஆக வேண்டும். ஆச்சி விஷயத்தில் அவரைக் கேட்காமல் அவசரப்படக் கூடாது. உங்கள் கடிதத்தில் இரண்டும் தலைகீழாக இருக்கிறது. பிள்ளை “கேக்காதீய” என்றதற்காக வாயை மூடிக்கொண்டீர்கள். ஆச்சி “சொல்லாத” என்ற பிறகும், அவர் மகன் மேல் போலீஸில் புகார் கொடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், 19-ஆவது பிரிவு. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் யார்மீதும் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ, “எந்த நபரும்” சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். டாக்டர் என்றோ நிர்வாகி என்றோ அங்கே எழுதவில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் “வெறும் நர்ஸ்” இல்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் ஆஸ்பத்திரி ஊழியராகவே இருந்து, பொறுப்பில் உள்ளவர் அதை மூடி மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 2022 நவம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தெரிந்தும் தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம், அது பெரும்பாலும் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்று சொன்னது. அந்த வழக்கில் மாட்டியவர் ஒரு மருத்துவர்.

“எனக்கு நிச்சயமாகத் தெரியாதே, தப்பாக இருந்தால்?” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரில் 16, ஸ்கேனில் கர்ப்பம். இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. யார், எப்போது, எங்கே என்று விசாரிப்பது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19-ஆவது பிரிவின் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது. பழிவாங்கவோ அவமானப்படுத்தவோ பொய் சொன்னவர்தான் தண்டனைக்கு உள்ளாவார். நினைத்தது தவறிப் போனவர் அல்ல.

ரகசியம் காக்கும் உறுதிமொழி உயர்ந்தது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், சட்டம் சொல்லும் ஆளிடம் மட்டும் தகவல் தருவது அந்த உறுதியை மீறுவதாகாது. அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் கதையாகச் சொல்வதும், வாட்ஸப் குரூப்பில் “இன்னைக்கு ஒரு கேஸ்” என்று போடுவதும்தான் மீறல். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 2 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

தாலி ஏறிவிட்டதே என்பதற்கு

நம் பக்கத்தில் முறை மாப்பிள்ளை என்ற ஒரு சொல் எத்தனை கேள்விகளை அடக்கிவிடுகிறது என்று எனக்குத் தெரியும். “சொந்தத்துக்குள்ளதானே” என்றதும் ஊரே தலையாட்டும். சட்டம் தலையாட்டாது. போக்சோவில் கல்யாணம் என்ற விலக்கே கிடையாது. மனைவி 18-க்குக் கீழே இருந்தால் கணவனானாலும் அது வல்லுறவுதான் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இப்போதைய நியாய சன்ஹிதாவிலேயே அந்த வயது 18 என்று வந்துவிட்டது. அத்துடன் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. சிறுமியைக் கட்டிய 18 வயது கடந்த ஆணுக்கும், நடத்தி வைத்தவருக்கும், தடுக்காமல் துணை நின்ற பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறைத்தண்டனை கிடையாது. “அந்தம்மாவை ஜெயில்ல போட்டா மத்த பிள்ளைகளுக்கு யாரு?” என்று நீங்கள் பதறியதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு வரி. தாலி கட்டி இரண்டு மாதம், ஸ்கேனில் 18 வாரம். கர்ப்பம் முந்தி, கல்யாணம் பிந்தி. அந்த முறை மாப்பிள்ளையே காரணமாக இருக்கலாம். வேறொருவர் செய்ததை மூடுவதற்காக அவசரமாக நடந்த கல்யாணமாகவும் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவராக இருந்தால், அந்தப் பிள்ளை இன்றைக்கும் அவர் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்ன அந்த மாமா யார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் அம்மாவிடம் எதைக் கேட்க வேண்டாம் என்றாள் என்பதும் தெரியாது. இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவர்கள், கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் கேட்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டாயத் தகவல்.

சட்டம் கடுமையானது என்பதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுமியைக் கர்ப்பமாக்கிய குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. ஒன்றிரண்டு வயது வித்தியாசத்தில் காதலித்த பிள்ளைகளும் இந்த வலையில் சிக்குவது உண்மை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் அப்படி ஒரு வழக்கை ரத்தே செய்தது. உங்கள் மனம் ஆடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இது காதலா, கட்டாயமா, ஏமாற்றா என்று நர்சிங் ஸ்டேஷனில் நின்று தீர்ப்பெழுத முடியாது. அப்படி எழுதினால், காதல் என்று நம்பி நாம் திருப்பி அனுப்பும் பிள்ளைகளில் ஒருத்தி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது

நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று 18 வாரம் என்றால் இப்போது 20-ஐ நெருங்குகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் முடிவு போதும். சிறுமிகளுக்கும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். 24 தாண்டினால் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. அது அவளும் அவளுடைய பாதுகாவலரும் மருத்துவரிடம் பேசி எடுக்க வேண்டிய முடிவு. நாம் சும்மா இருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த முடிவை அவள் கையிலிருந்து பறிக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். பயந்த குடும்பம் ரகசியமாக மாத்திரை வாங்கிக் கொடுத்தோ, யாரிடமோ கூட்டிப்போயோ உயிருக்கே ஆபத்து வருவதும் நடக்கிறது. (2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. தானே விரும்பிப் பழகிக் கர்ப்பமான சிறுமி கருக்கலைப்புக்கு வந்து, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை வெளியிடாமல் இருக்கலாம். தகவல் தருவது அப்போதும் கட்டாயம்தான்.)

உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கூட வந்தார்கள், சீட்டில் என்ன வயது, ஆதாரில் என்ன, ஸ்கேனில் என்ன, அவள் சொன்ன வார்த்தை என்ன. “எக்கா, எங்கம்மைட்ட ஒண்ணுங் கேக்காதீய” என்று அவள் பேச்சிலேயே எழுதுங்கள். நாகரிகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். அவர்கள் அதற்கு எண் போட்டுப் பதிவு செய்து உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தகவலை வாங்கிய அதிகாரியின் பெயர், பதவி, தொலைபேசி எண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

அந்தப் பிள்ளையின் ஊர் ஆலங்குளம் பக்கம், அது இப்போது தென்காசி மாவட்டமாச்சே என்று கேட்டிருந்தீர்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து இந்தக் குழப்பத்தைப் பலரிடம் பார்க்கிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. “எங்க லிமிட் இல்லம்மா” என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1098-க்கும் போன் செய்யுங்கள். அது குழந்தைகள் உதவி எண், பெயர் சொல்லாமலும் பேசலாம், பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஆளை அனுப்புவார்கள். ஆனால் 1098-இல் சொன்னதோடு உங்கள் சட்டக் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சட்டம் சொல்வது போலீஸை.

அந்தக் கேஸ் ஷீட்டைத் தொடாதீர்கள். 19-ஐ அடித்து 16 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. திருத்திய பதிவேடு உங்களையும் காப்பாற்றாது, அந்தப் பிள்ளையின் வழக்கையும் கெடுக்கும். அதை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆஸ்பத்திரியிடமிருந்து ஆவணத்தைக் கைப்பற்றும் அதிகாரம் போலீஸுக்கு இருக்கிறது. யார் சொல்லி 19 என்று எழுதினீர்கள், ஏன் 11 நாள் தாமதம் என்பதை உங்கள் கடிதத்திலேயே உள்ளபடி எழுதிவிடுங்கள். தாமதமாக வந்த உண்மையை நீதிமன்றம் ஏற்கும்; பின்னால் அம்பலமாகும் மறைப்பை ஏற்காது. இது எப்படியும் வெளியே வரும் என்பதையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரோ ஹைகிரவுண்ட் மகப்பேறு வார்டோ வயதைப் பார்க்கும் நாளில், முதலில் பார்த்த ஆஸ்பத்திரி எது என்ற கேள்வி உங்கள் வாசலுக்கு வரும்.

அவளை என்ன செய்வார்கள்? அவள் குற்றவாளி இல்லை. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லியாயிற்று. வீடு பாதுகாப்பு என்று குழு கருதினால் வீட்டுக்கே அனுப்பும். “ஹோமில் அடைத்துவிடுவார்கள்” என்பது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பதில்லை. வழக்கு முழுக்க அவளுக்குத் துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரைக் குழு நியமிக்கலாம், தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். இதில் எதுவும் தானாக நடந்துவிடாது, கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் தகவல் போகாமல் எதுவுமே தொடங்காது.

மேனேஜரின் கணக்குத் தப்பு

“ஆஸ்பத்திரி பேரு கெட்டுரும்” என்கிறார். புதிய நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவு, அரசோ தனியாரோ எந்த ஆஸ்பத்திரியானாலும் இப்படிப்பட்ட பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தந்து, போலீஸுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்கிறது. சிகிச்சை தர மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். போக்சோ விதிகளின்படி அவசர சிகிச்சைக்கு முன்னால் போலீஸ் கடிதமோ வேறு எந்தத் தாளோ கேட்கவும் கூடாது. ரெஃபர் எழுதி அனுப்பியதால் கை கழுவியாயிற்று என்று அவர் நம்புவது ஆபத்தான நம்பிக்கை. “மேனேஜரிடம் சொன்னேன், அவர் பார்த்துக்கொள்வார்” என்று நீங்கள் நம்புவதும் அப்படியே.

வேலை விஷயத்தில் உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. வழக்கிலிருந்து சட்டம் காக்கும். முகம் சுளிப்பிலிருந்தும் டியூட்டி மாற்றத்திலிருந்தும் காக்காது. வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். ஆனால் உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிணையாகப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்; 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போலீஸுக்குக் கொடுக்கும் கடிதத்தை அந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், 19 என்று எழுதியது உங்கள் கை என்பதால். அதற்காக ஒரு நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் சாட்சி சம்மன் வரும். பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

அடுத்த பிள்ளை வரும்போது

வரும். எடை பார்க்க அழைத்துப் போனீர்களே, அது நல்ல வழி. கூட வந்தவர் முகத்தில் சந்தேகம் வராமல் தனியாகப் பேச எடை, சிறுநீர்ப் பரிசோதனை, துணி மாற்றுவது இவைதான் இடம். கூட வந்தவரை மடக்கிக் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவளிடமும் துருவ வேண்டாம். “யாராச்சும் ஏதாச்சும் செஞ்சாங்களா, மாமாவா?” என்று நாம் பெயரை வாயில் வைத்தால் பின்னால் வழக்கில் அது நாம் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். “என்ன நடந்துச்சும்மா” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். “யார்ட்டயும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “உன்னைப் பத்திரமா வைக்க யாரால முடியுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். அதுதான் உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு.

பாலியல் அல்லாத கொடுமை, அதாவது சூடு வைத்த தழும்பு, பட்டினி, சொல்லும் கதைக்குப் பொருந்தாத எலும்பு முறிவு இவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. கையில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுசெல்லக் கூடியவர்கள் பட்டியலில் மருத்துவரோடு செவிலியரையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லி வைத்திருக்கிறது.

ஆச்சி

ஆச்சி வளர்ந்த மனுஷி. வலியில் கிடந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருடையது. “எம்மவன் நல்லவன்” என்பதைப் பயத்தில் சொல்கிறாரா, பாசத்தில் சொல்கிறாரா, இரண்டுமா என்று மகன் இல்லாத நேரத்தில் கேட்டுப் பாருங்கள். காலை டிரெஸ்ஸிங் நேரம் நல்ல நேரம். “ஆச்சி, வீட்டுக்குப் போனா உங்களை யாரு பாத்துக்கிடுவா? கையில ஏன் இந்தத் தடம்? நீங்க என்ன நினைக்கீய?” அவ்வளவு போதும். ஒரே நாளில் சொல்லமாட்டார். வழிகள் இருக்கின்றன என்பதை மட்டும் அவர் காதில் போடுங்கள். 14567 என்பது முதியோர் உதவி எண். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 வயது கடந்தவர்கள் பராமரிப்புக் கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். வக்கீல் தேவையில்லை. தன்னால் வர முடியாவிட்டால் தான் நம்பும் ஒருவரை அனுப்பலாம். முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதையெல்லாம் கேட்டபின், தெளிந்த மனதோடு அவர் வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். மதித்துக்கொண்டே அடுத்த நாளும் போய்ப் பேசுங்கள்.

மூன்று நிலைமையில் மட்டும் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மறதி நோயோ குழப்பமோ இருந்து அவரால் முடிவெடுக்க முடியாது என்று மருத்துவர் கருதினால். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால். பேச்சு “தலைக்கு ஊத்திரலாம்” என்ற பக்கம் திரும்பினால். முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் தென்மாவட்டங்களில் கேட்காத சொல் இல்லை. எண்ணெய்க் குளியல், இளநீர் என்று என்ன பெயர் வைத்தாலும் அது கொலை. ஜாடையாகக் காதில் விழுந்தால்கூட 112. மனவளர்ச்சி குன்றியவர், மாற்றுத்திறனாளி யாராவது வார்டில் கொடுமைக்கு உள்ளானவராக வந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி தாசில்தார், கோட்டாட்சியர் போன்ற நிர்வாகத் துறை நடுவரிடம் நீங்களே தகவல் தரலாம்.

கைரேகை விஷயத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் நழுவியது மிகச் சரி. வீடு, நிலத்தைத் தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ மாற்ற வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், வார்டில் ரேகை வைத்து மட்டும் ஆகாது. ஆனால் உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி இருந்தால் போதும். உங்களிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டது எதற்கென்று எனக்குத் தோன்றுவது இதுதான். ஆச்சிக்கு எந்த ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பது மருந்துச் சார்ட்டில் இருக்கும். ரேகை வாங்கிய நேரத்தை நர்சிங் நோட்ஸில், கண்டது கண்டபடி ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அந்த உயிலை நாளைக்கு யாராவது கேள்வி கேட்கும்போது அது பேசும். எழுதாமல் விட்டிருந்தால் பழைய தேதி போட்டுச் சொருகாதீர்கள். இன்றைய தேதியிட்டு, இன்ன நாள் பார்த்தது என்று எழுதுங்கள். ஆச்சி நினைவு தெளிந்ததும், அவர் எதில் ரேகை வைத்தார் என்று அவருக்கே தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் அதை அவருக்குச் சொல்ல வேண்டியது அவசியம். பிடிக்காத உயிலை ரத்து செய்து புதிதாக எழுத அவருக்கு உயிருள்ளவரை உரிமை உண்டு.

இந்த வாரம் டிஸ்சார்ஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் படுக்கைப்புண்ணின் அளவும் மணிக்கட்டுத் தடமும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். புண் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று மகனுக்கும் மருமகளுக்கும் கோபமில்லாமல் செய்து காட்டுங்கள். கயிறு கட்டியது சில வீடுகளில் கொடுமையாக இருக்கும், சில வீடுகளில் இரவில் எழுந்து விழுந்துவிடக் கூடாதே என்ற அறியாமையாக இருக்கும். கட்டிலுக்குத் தடுப்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாவது வகை அன்றே தீரும். பிறகு அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆச்சியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021-இலிருந்து நடக்கும் திட்டம். இயன்முறை சிகிச்சைக்கும் வலிநிவாரணப் பராமரிப்புக்கும் வீட்டுக்கே ஆள் வருவார்கள். வருகிறவரிடம் அந்த மணிக்கட்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி வையுங்கள்.